இருப்பவரா, புதியவரா? கிழக்கு மாகாண சபைத் தேர்தலுக்கு முன் கேட்க வேண்டியவை

(களுவாஞ்சிக்குடியில் நடந்த ஒரு பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மாரே, தம்பி தங்கைமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

தேர்தல் பேச்சு எடுத்தாலே நம் ஊரில் முதலில் வருவது ஒரே கேள்விதான். "பழைய ஆளுக்கே போடுவதா, புதுப் பொடியனுக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்துப் பார்ப்பதா?" தேநீர்க் கடையிலும் கேட்கிறார்கள், கோயில் வீதியிலும் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் பதில் சொல்லும்போது நாம் ஆளின் முகத்தையும் குடும்பத்தையும் ஊரையும் பார்த்துச் சொல்கிறோம். எந்தச் சபைக்கு அனுப்புகிறோம், அந்தச் சபைக்கு என்ன அதிகாரம் என்று பார்த்துச் சொல்வதில்லை. இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

மட்டக்களப்பு மக்கள் ஆளை மாற்றப் பயந்தவர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாராளுமன்றத் தேர்தலில் இதே பட்டிருப்புத் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். சி. மூ. இராசமாணிக்கம் ஐயாவை 1952இல் சுயேச்சையாக வெல்ல வைத்தார்கள். 1956இல் அவர் தமிழரசுக் கட்சியில் நின்றபோது தோற்கடித்தார்கள். 1960இல் திரும்பவும் அனுப்பினார்கள். 1970இல் மறுபடி வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் பக்கம் மட்டக்களப்புத் தொகுதியில் 1956இல் இளைஞராக வந்த செ. இராசதுரை 1989 வரை பாராளுமன்றத்தில் இருந்தார். ஒரு தொகுதி மாற்றி மாற்றிப் பார்த்தது, இன்னொரு தொகுதி ஒருவரையே பிடித்துக்கொண்டது. இரண்டும் மக்கள் அறிந்து எடுத்த முடிவுதான். தொகுதி சின்னது. உறுப்பினர் யார், அவர் என்ன செய்தார், என்ன செய்யவில்லை என்பது சந்தையில் மீன் வாங்க வருகிறவருக்கும் தெரியும்.

1989 முதல் விகிதாசாரத் தேர்தல். தொகுதி போய் மாவட்டம் வந்தது. கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு மூன்றும் சேர்ந்து ஐந்து ஆசனம். ஒவ்வொரு கட்சியும் எட்டுப் பேரை நிறுத்துகிறது. அப்படியென்றால், இருப்பவருக்கும் புதியவருக்குமான போட்டி பெரும்பாலும் ஒரே கட்சியின் பட்டியலுக்குள்ளேயே நடக்கிறது. கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பதைச் சின்னத்துக்கு எதிரே போடும் புள்ளடி தீர்மானிக்கிறது. அந்த ஆசனத்தில் யார் உட்காருவது என்பதைத் தீர்மானிப்பது வாக்குச் சீட்டின் கீழே இருக்கும் வேட்பாளர் இலக்கங்கள். அவற்றுக்குப் போடுவதுதான் விருப்பு வாக்கு.

அந்த இலக்கங்களை நம்மில் எத்தனை பேர் அடையாளமிடுகிறோம்? மேலே சின்னத்துக்குப் போட்டதும் கடமை முடிந்தது என்று சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வருகிறவர்கள் நிறைய. வாக்கு செல்லும், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் பழையவரா புதியவரா என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லவே இல்லை, மற்றவர்கள் சொல்லிவிடுகிறார்கள். மூன்று விருப்பு வாக்கு வரை போடலாம். மூன்றுக்கு மேல் போட்டால் கட்சி வாக்கு செல்லும், விருப்பு வாக்குகள் எண்ணப்படாது. கட்சிக்குப் போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் சீட்டே நிராகரிக்கப்படும். வீட்டில் அம்மம்மாமாருக்கு இதைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள். ஒரு மாதிரிச் சீட்டைத் தாளில் கீறிக் காட்டினாலே போதும்.

சரி, விருப்பு வாக்கால் ஆட்களை மாற்ற முடியுமா? 2020இல் இந்த மாவட்டத்தில் வென்ற ஐந்து பேரில் 2024 நவம்பர் 14 தேர்தலில் மீண்டும் வென்றவர் ஒரே ஒருவர், இராசமாணிக்கம் சாணக்கியன். ஞானமுத்து ஸ்ரீநேசன் 2015இல் வென்று, 2020இல் தோற்று, 2024இல் திரும்பி வந்தார். இளையதம்பி ஸ்ரீநாத்தும் கந்தசாமி பிரபுவும் பாராளுமன்றத்துக்குப் புதியவர்கள். ஹிஸ்புல்லாஹ் பல தடவை பாராளுமன்றத்தில் இருந்தவர். நாடு முழுக்க 21 மாவட்டங்களில் தேசிய மக்கள் சக்தி முதலிடம் வந்த தேர்தலில், மட்டக்களப்பு மட்டும் தமிழரசுக் கட்சியை முதலிடத்தில் வைத்தது. கட்சியைப் பிடித்துக்கொண்டே ஆட்களை மாற்றியிருக்கிறார்கள். நம் மக்களுக்கு விபரம் தெரியாது என்று மேடையில் நின்று பேசுகிறவர்கள் இந்த முடிவை ஒரு தடவை படித்துப் பார்க்க வேண்டும்.

இப்போது மாகாண சபைக்கு வருகிறேன். என் மனதில் பெரிய கவலையாக இருப்பது இதுதான்.

இந்த மண்டபத்தில் 1995இல் பிறந்த பிள்ளைகள் இருக்கிறீர்கள், அதற்குப் பிறகு பிறந்தவர்களும் இருக்கிறீர்கள். உங்களில் ஒருவர்கூட கிழக்கு மாகாண சபைக்கு வாக்களித்ததில்லை. கடைசித் தேர்தல் 2012 செப்டெம்பர் 8. அந்தச் சபையின் காலம் 2017 செப்டெம்பர் 30இல் முடிந்தது. அன்று முதல் மாகாணம் ஆளுநரின் கையில். பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்துவிட்ட காலம் முழுக்க, அந்தப் பள்ளிக்கூடத்தை நடத்தும் மாகாணக் கல்வி அமைச்சுக்கு நம் வாக்கால் வந்த அமைச்சர் இல்லை.

இது எப்படி நடந்தது? 2017இல் பாராளுமன்றம் மாகாண சபைத் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பாதி தொகுதி பாதி விகிதாசாரம் என்ற கலப்பு முறையைக் கொண்டுவந்தது. அதற்குத் தொகுதி எல்லைகள் வகுக்க வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139, ஆதரவாக ஒன்றுமில்லை. அறிக்கையைச் சபைக்குக் கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லைகள் இல்லை. தேர்தல் நடுவில் நின்றுபோனது.

அந்த அறிக்கையில் குறைகள் இருந்தன. சிறுபான்மை மக்களுக்குப் பாதகம் வரும் என்ற அச்சம் உண்மையானது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அறிக்கையை நிராகரித்தவர்கள் அடுத்த மாதமே பழைய முறையில் தேர்தல் வைக்க ஒரு சின்னத் திருத்தம் கொண்டுவந்திருக்கலாம். கொண்டுவரவில்லை. ஏன்? என் கணிப்பைச் சொல்கிறேன். பாராளுமன்றத்தில் இருப்பவருக்கு நாளைய போட்டியாளர் மாகாண சபையிலிருந்துதான் வருகிறார்.

சும்மா சொல்லவில்லை. 2020இல் மட்டக்களப்பில் வென்ற ஐவரில் மூவர் கிழக்கு மாகாண சபையில் இருந்தவர்கள். சிவநேசதுரை சந்திரகாந்தன் 2008இல் முதலாவது முதலமைச்சர். நசீர் அஹமட் 2015 முதல் 2017 வரை முதலமைச்சர். கோவிந்தன் கருணாகரம் மாகாண சபை உறுப்பினர். அம்பாறைக்குத் தேசியப் பட்டியலில் போன கலையரசனும் மாகாண சபையில் இருந்தவர்தான். இவர்களை உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம், அது வேறு. ஒரு சபையில் என்ன பேசினார், எதற்கு வாக்களித்தார் என்று பார்த்து அளக்க நமக்கு ஒரு பதிவேடு இருந்தது. 2017க்குப் பிறகு அரசியலுக்கு வருகிற புதியவருக்கு அந்த இடமே இல்லை. முகநூலும் பெயர் அச்சிட்ட சட்டையும் தான் அவரிடம் இருக்கும் பதிவேடு. இருப்பவருக்கோ பதவி இருக்கிறது, நிதி ஒதுக்கீடு இருக்கிறது, திறப்பு விழாவில் முதல் வரிசைக் கதிரை இருக்கிறது. போட்டி சமமாகத் தொடங்கவில்லை.

2012 எப்படி இருந்தது என்று தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். சபையில் 37 பேர். அம்பாறைக்கு 14, மட்டக்களப்புக்கு 11, திருகோணமலைக்கு 10, அப்புறம் மாகாணத்தில் முதலிடம் வரும் கட்சிக்கு 2 மேலதிக ஆசனம். ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 2,00,044 வாக்கு. தமிழரசுக் கட்சி 1,93,827. வித்தியாசம் ஆறாயிரத்துச் சொச்சம். அந்த ஆறாயிரத்தால்தான் இரண்டு மேலதிக ஆசனமும் ஒரு பக்கம் போனது: 14க்கு 11. முஸ்லிம் காங்கிரசுக்கு 7. எந்தக் கட்சியாலும் தனியே ஆள முடியவில்லை. முதலில் நஜீப் அப்துல் மஜீத் முதலமைச்சர், 2015இல் நசீர் அஹமட் முதலமைச்சராகி, தமிழரசுக் கட்சிக்காரர் கல்வியையும் விவசாயத்தையும் எடுத்தார்கள். தமிழரும் முஸ்லிமும் ஒரே அமைச்சரவையில் இருந்து வரவு செலவுத் திட்டம் போட்டார்கள். சண்டையும் இருந்தது. ஆனால் சண்டை போட ஒரு சபை இருந்தது.

சரி, நாளை பழைய விருப்பு வாக்கு முறையிலேயே தேர்தல் அறிவித்தால், பழைய உறுப்பினர்களும் வருவார்கள், புதியவர்களும் வருவார்கள். யாரிடம் என்ன கேட்பது?

வயல் செய்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. போகம் தொடங்கும் ஆரம்பக் கூட்டத்தில், வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையைத் தெரிவு செய்யும்போது அவர் நன்றாகப் பேசுவாரா என்று யாரும் பார்ப்பதில்லை. போன போகத்தில் கடைசி வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்ததா என்று பார்க்கிறோம். மாகாண சபைக்கும் அதே அளவுகோல்தான்.

ஆனால் அதற்கு முதல் அவருடைய வாய்க்கால் எது என்று நமக்குத் தெரிய வேண்டும். மாகாணப் பாடசாலைகள், மாகாண வீதிகள், ஆதார வைத்தியசாலைகள், சிறு குளங்கள், கூட்டுறவு, பிரதேச சபைகளை மேற்பார்வை செய்வது, இவற்றுக்கான நியதிச்சட்டங்கள். இவையெல்லாம் மாகாண சபையின் வேலை. 2013இல் திறந்த புதிய கல்லடிப் பாலம் ஜப்பான் உதவியோடு மத்திய அரசு கட்டியது. ஒரு முன்னாள் மாகாண சபை உறுப்பினர் அது தன்னால் வந்தது என்றால், நிறுத்திக் கேளுங்கள். அதே நேரம் ஒரு மாகாணப் பாடசாலையில் கணித ஆசிரியர் இரண்டு வருடம் இல்லாமல் இருந்து அவர் சபையில் ஒரு கேள்விகூட எழுப்பவில்லை என்றால், அதற்கு அவர் கட்டாயம் பதில் சொல்ல வேண்டும்.

மண்டூர் பாதையை, அதாவது வாவியைக் கடக்கும் மிதவையைப் பாருங்கள். காலையில் குருமண்வெளிக் கரையில் நின்றால் தெரியும். மோட்டார் சைக்கிளைப் பிடித்தபடி ஆசிரியர்மார், பையைத் தலையில் வைத்த அம்மாமார், வெற்றிலை வாங்கப் போகிற பெரியவர், எல்லோரும் அந்த இரும்புத் தட்டில் ஏறி வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போகிறார்கள். பாதை பழுதானால் பட்டிருப்புப் பாலம் சுற்றி வெல்லாவெளி வழியாகப் போக வேண்டும். முதல் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை. எத்தனை தேர்தலில் இதைப் பற்றிக் கேட்டோம்? இருப்பவரிடம் கேளுங்கள்: இது எந்தத் திணைக்களத்தின் பொறுப்பு, நீங்கள் எப்போது எழுதினீர்கள், என்ன பதில் வந்தது, கடிதத்தைக் காட்டுங்கள். புதியவரிடமும் அதே கேள்வி: எந்தத் திணைக்களம் என்று தெரியுமா?

மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகச் சித்தாண்டியில் 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் வீதியில் உட்கார்ந்தார்கள். அந்த நிலம் மகாவலி அதிகார சபையின் கையில், அதாவது மத்தியில். "நான் மாகாண சபைக்குப் போனால் ஒரு மாதத்தில் தீர்ப்பேன்" என்று ஒரு புதியவர் சொன்னால், அவருக்குச் சபையின் எல்லை தெரியவில்லை. "மாகாண சபையில் தீர்மானம் கொண்டுவருவேன், கால்நடை வைத்திய வசதியை மாகாணப் பக்கத்தால் செய்வேன், காணி அதிகாரத்துக்காகப் பாராளுமன்றத்தில் இருப்பவரோடு சேர்ந்து போராடுவேன்" என்று சொன்னால், அவர் படித்துவிட்டு வந்திருக்கிறார். அவருக்கு ஒரு விருப்பு வாக்கு கொடுக்கலாம்.

பணத்தையும் கேளுங்கள். 2023ஆம் ஆண்டின் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டப்படி ஒவ்வொரு வேட்பாளரும் முடிவு வந்து 21 நாளுக்குள் செலவு அறிக்கை கொடுக்க வேண்டும். வென்றவரும் கொடுக்க வேண்டும், தோற்றவரும் கொடுக்க வேண்டும். கடந்த தேர்தலில் கொடுத்தீர்களா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

தாய்மாரே, இன்னொன்று. மட்டக்களப்பின் ஐந்து பாராளுமன்ற உறுப்பினரும் 2024இல் ஆண்கள். 2004இல் வரலாறும் தொல்லியலும் படித்த க. தங்கேஸ்வரியை இந்த மாவட்டம் அனுப்பியது. அதற்குப் பிறகு ஒரு பெண்ணையும் பாராளுமன்றத்துக்கு அனுப்பவில்லை. கட்சிகள் பெண்களைப் பட்டியலில் போடுகின்றன, மேடையில் பின் வரிசையில் இருத்துகின்றன. மூன்று விருப்பு வாக்கில் ஒன்றைப் பட்டியலில் இருக்கும் தகுதியான பெண்ணுக்குப் போட்டால் உங்கள் கட்சி ஒன்றும் இழக்காது.

அம்பாறையிலிருந்து வந்திருக்கும் உறவுகளுக்கு ஒரு வார்த்தை. 2020இல் உங்கள் மாவட்டத்தில் ஒரு தமிழ்ப் பட்டியல் 29 ஆயிரத்துக்கு மேல், இன்னொரு தமிழ்ப் பட்டியல் 25 ஆயிரத்துக்கு மேல் எடுத்தன. ஏழு ஆசனத்தில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஏறத்தாழ 39 ஆயிரம் எடுத்த பட்டியலுக்கு ஆசனம் கிடைத்தது. 2024இல் ஒரு பட்டியலில் வாக்குச் சேர்ந்தது, கோடீஸ்வரன் வந்தார். உங்கள் ஊரில் பழையவரா புதியவரா என்ற சண்டை இரண்டு பட்டியலாக உடையும்போது இருவருமே வீட்டில் இருப்பார்கள். அந்தச் சண்டையை ஒரே பட்டியலுக்குள், விருப்பு வாக்கில் நடத்துங்கள். கட்சித் தலைவர்களுக்கும் இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக, 18 வயது தாண்டிய பிள்ளைகள் இந்த வாரமே கிராம உத்தியோகத்தரிடம் போய் வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எப்படிப் பதிவது என்று அங்கேயே கேளுங்கள். வெளியூருக்கு வேலைக்குப் போனவர்களின் பெயர் எந்த முகவரியில் இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். மாகாண சபைத் தேர்தலை உடனே நடத்தக் கேட்டு நம் மாவட்டத்தின் ஐந்து பாராளுமன்ற உறுப்பினருக்கும் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறோம். பின்னால் மேசையில் இருக்கிறது. வாசித்துப் பார்த்து, சரியென்று பட்டால் கையெழுத்துப் போடுங்கள். கேள்வி இருக்கிறவர்கள் இப்போது எழும்பிக் கேளுங்கள்.