ஹோல்டன் வளர மறுத்தவன் அல்லன்

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் மதிப்புக்குரிய நண்பர்களே, ஒரு நாவலைப் பற்றிய வழக்கைக் கேட்பதற்காக இந்த ஞாயிறு மாலையை ஒதுக்கி வெள்ளவத்தைக்கு வந்திருக்கும் அவையோரே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஜே. டி. சாலிஞ்சர் 1951இல் வெளியிட்ட 'த கேச்சர் இன் த ரை' நாவலின் நாயகன் ஹோல்டன் கோல்ஃபீல்ட் உலகத்தோடு ஒட்டாமல் போனதற்குப் பெரிதும் காரணம் வளர மறுத்த அவனது பிடிவாதமா, அவனது துயரத்துக்குக் காது கொடுக்காத சூழலா என்பதே இன்றைய வழக்கு. பிடிவாதமே என்று எதிரணித் தலைவர் வாதாடினார். வசதியான வீட்டுப் பிள்ளை, நல்ல நல்ல பாடசாலைகள், ஆனாலும் காண்பவர்களையெல்லாம் போலிகள் என்று ஏசுகிறான், வாயைத் திறந்தால் பொய், ஆங்கிலத்தைத் தவிர்ந்த நான்கு பாடங்களிலும் சித்தியடையாமல் பாடசாலையிலிருந்து விலக்கப்படுகிறான் என்று அடுக்கிக்கொண்டு போனார். அவற்றில் ஒன்றையும் நான் மறுக்கப் போவதில்லை. எல்லாம் நாவலில் உள்ளவைதான். ஆனால் அவரது உரை முழுவதிலும் ஆலி என்ற பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. அந்தப் பெயரை விட்டுவிட்டு ஹோல்டனுக்குத் தீர்ப்பு எழுத முடியாது என்பதே எங்கள் அணியின் நிலைப்பாடு.

ஆலி, ஹோல்டனின் தம்பி. 1946 ஜூலை 18ஆம் திகதி இரத்தப் புற்றுநோயால் இறந்துபோகிறான். அப்போது அவனுக்கு வயது 11, ஹோல்டனுக்கு 13. அன்றிரவு ஹோல்டன் வீட்டின் கார்க் கொட்டகையில் படுத்து, அதன் ஜன்னல் கண்ணாடிகள் அத்தனையையும் வெறுங்கையால் குத்தி உடைக்கிறான். கை முறிந்து வைத்தியசாலையில் கிடந்ததால் தம்பியின் இறுதிச் சடங்குக்கும் அவனால் போக முடியவில்லை. பெற்றோர் அவனை உளப்பகுப்பாய்வுக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறார்கள். ஆனால் நாவலை எவ்வளவு துருவிப் பார்த்தாலும், ஆலியைப் பற்றி அவனோடு உட்கார்ந்து பேசிய ஒரு பெரியவரை நம்மால் காண முடியாது. தாயார் அந்த மரணத்திலிருந்து தாமே இன்னும் மீளவில்லை. அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எங்கள் நோக்கமன்று. பேசப்படாமல் போன ஒரு மரணத்தைச் சுமந்துகொண்டு அந்தப் பையன் ஒன்றன்பின் ஒன்றாகப் பாடசாலை மாறிக்கொண்டிருந்தான் என்பதைத்தான் நடுவர் அவர்கள் கவனிக்க வேண்டுமென்று கேட்கிறோம்.

அவன் வாய் திறக்காமலும் இருக்கவில்லை. விடுதியில் அறைத்தோழன் ஸ்ட்ராட்லேட்டர் தனக்காக ஒரு கட்டுரை எழுதித் தரும்படி கேட்கிறான். ஓர் அறையையோ வீட்டையோ வர்ணித்தால் போதும் என்கிறான். ஹோல்டனால் அறையை எழுத முடியவில்லை. தம்பியின் பேஸ்போல் கையுறையை எழுதுகிறான். இடக்கைக்காரனான ஆலி, மைதானத்தில் பந்து வராத நேரங்களில் வாசிப்பதற்காக அந்தக் கையுறையின் விரல்களிலும் உள்ளங்கைப் பகுதியிலும் பச்சை மையால் கவிதைகளை எழுதி வைத்திருந்தவன். அந்தக் கையுறையைப் பெட்டியிலிருந்து எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, மூன்றாண்டுகளாக உள்ளே இருந்ததை ஹோல்டன் முதன்முதலாகக் கடதாசியில் இறக்குகிறான். திரும்பி வந்த அறைத்தோழன் அதை வாசித்துவிட்டு, கேட்டதை எழுதவில்லையே என்று சினக்கிறான். ஹோல்டன் அதை வாங்கிக் கிழித்துப் போடுகிறான். இந்த இடத்தைப் புத்தகத்தைச் சற்று மூடி வைக்காமல் என்னால் கடக்க முடிந்ததே இல்லை. வளர மறுப்பவனின் நடத்தையா இது? சொல்ல முயன்றான், வாங்கிக்கொள்ள ஆளில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேறென்ன வேண்டும்?

அன்றிரவே அவன் நியூயோர்க்குக்குப் புறப்படுகிறான். ரயிலை விட்டு இறங்கியதும் முதல் வேலையாகத் தொலைபேசிக் கூண்டுக்குள் நுழைகிறான். அண்ணன் டி. பி. ஹொலிவூட்டில். தங்கை பீபி உறங்கியிருப்பாள், பெற்றோர் எடுத்துவிடுவார்கள். இப்படியே ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்து, ஏறத்தாழ இருபது நிமிடங்கள் உள்ளே நின்று, எவரையும் அழைக்காமல் வெளியே வருகிறான். வாடகைக் காரில் ஏறியதும் பழக்க தோஷத்தில் தன் வீட்டு முகவரியையே சொல்லிவிடுகிறான். மனிதர்களை வெறுப்பவன் தொலைபேசியைத் தேடி ஓட மாட்டான், நடுவர் அவர்களே. மத்திய பூங்காவின் குளம் உறைந்துபோனால் வாத்துகள் எங்கே போகும் என்று அவன் வாகன ஓட்டுநர்களிடம் கேட்பதை எதிரணியினர் சிறுபிள்ளைத்தனம் என்றார்கள். இருந்த இடத்தில் இருக்க முடியாமல் போகும் உயிர்களை யாராவது பார்த்துக்கொள்கிறார்களா என்பதுதான் அவனது கேள்வி.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் அன்டோலினியை நினைவூட்டினார். அந்த முன்னாள் ஆசிரியர் நள்ளிரவில் கதவைத் திறந்து, இடம் கொடுத்து, அறிவுரையும் சொன்னாரே, அவரிடமிருந்தும் இவன் ஓடிவிட்டானே என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்டோலினி நல்லவர் என்பதை ஹோல்டனே நமக்குச் சொல்கிறான். ஜேம்ஸ் காசில் என்ற மாணவன் சக மாணவர்களின் கொடுமை தாங்காமல் ஜன்னலால் குதித்து இறந்தபோது, அவனது உடலைத் தூக்கிச் சென்றவர் அவர்தான். அந்தப் பிள்ளை இறக்கும்போது அணிந்திருந்தது ஹோல்டனிடம் இரவல் வாங்கிய ஸ்வெட்டர். பதினாறு வயதுக்குள் இது ஹோல்டன் நெருங்கி நின்று கண்ட இரண்டாவது மரணம். அன்டோலினியோ தலைவலியும் தூக்கமும் கண்ணைச் சுழற்றும் ஒரு பையனுக்குக் கல்வியின் பயனைப் பற்றி நெடுநேரம் விரிவுரை நிகழ்த்துகிறார். பிறகு இருட்டில் விழித்தெழும் ஹோல்டன், அவர் தன் தலையைத் தடவிக்கொண்டிருப்பதைக் கண்டு அஞ்சி வெளியேறுகிறான். அவரது நோக்கம் என்ன என்பதை நாவலாசிரியர் திறந்தே விட்டிருக்கிறார். அந்த அச்சத்தைப் பிடிவாதம் என்று பெயரிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு பிள்ளையின் பெற்றோராக இருக்கும் எவருக்கும் வராது என்று நம்புகிறேன்.

காது கொடுத்தவள் பீபி ஒருத்திதான். உனக்குப் பிடித்த ஒன்றைச் சொல் என்று அந்தப் பத்து வயதுத் தங்கை கேட்கிறாள்; அவன் ஆலியைச் சொல்கிறான். ஆலி இறந்துவிட்டானே என்கிறாள். இறந்துவிட்டால் நேசிக்கக் கூடாதா என்று ஹோல்டன் திருப்பிக் கேட்கிறான். இதே உரையாடலில்தான் ரை என்னும் தானியப் பயிர் வயலின் மலைவிளிம்பில் நின்று, விழப்போகும் குழந்தைகளைப் பிடிக்க வேண்டும் என்ற ஆசையையும் வெளியிடுகிறான். இதைக் குழந்தைப் பருவத்தைப் பூட்டி வைக்கும் ஆசை என்று எதிரணி வாதிட்டது. தம்பியைப் பிடித்து நிறுத்த முடியாமற்போன அண்ணன் ஒருவன் வேறு எந்த வேலைக்கு ஆசைப்படுவான்?

அந்த ஆசையிலும் அவன் தேங்கி நிற்கவில்லை. எதுவும் மாறாமல் கண்ணாடிக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தை விரும்பியவன், அதன் வாசலுக்கே போய்விட்டு உள்ளே நுழையாமல் திரும்புகிறான். ஊரை விட்டுப் போக நினைத்தவன், பீபி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே வரப் புறப்பட்டதும் பயணத்தைக் கைவிடுகிறான். குதிரைகள் சுழலும் ராட்டினத்தில் சுற்றிவரும்போது எட்டிப் பறிப்பதற்கென்று ஓரத்தில் வைத்திருக்கும் தங்க வளையத்தை அவள் பிடிக்க முயலும்போது, விழுந்தாலும் விழட்டும், எட்டிப் பிடிக்க விட வேண்டும் என்று பேசாமல் இருக்கிறான். விழுபவர்களைப் பிடிக்க நினைத்தவன், விழவும் இடமளிக்கும் பக்குவத்துக்கு வந்துவிட்டான். அவனது கதையை ஒரு பிள்ளை கேட்ட மறுநாளே இது நடக்கிறது.

சாலிஞ்சர் இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூனில், பிரான்சின் நோர்மண்டிக் கரையில் இறங்கிய படைவீரர்; போர் முடிந்த 1945இல் மனம் நொந்து ஜேர்மனியின் நியூரம்பேர்க்கில் வைத்தியசாலையில் இருந்தவர். இழப்பைப் பேசாமல் இயல்பு வாழ்க்கைக்குத் திரும்பிய ஒரு சமூகத்தில் அவர் இந்தப் பையனை நடமாட விட்டதை, கொழும்பில் வாழும் நாம் தூரத்துக் கதையாக வாசிக்க முடியாது. நமது போர் முடிந்த 2009இல் பிறந்த பிள்ளைக்கு இப்போது ஏறத்தாழ ஹோல்டனின் வயது. காலையில் பாடசாலை, பின்னேரம் ரியூசன், இரவில் உயர்தர வினாத்தாள்கள். தொடர்மாடி வீட்டின் சுவரில் மாலை போட்ட ஒரு படம் இருக்கும். அது யார், என்ன நடந்தது என்று கேட்டால், "அந்தக் கதை இப்ப வேண்டாம், நீ படிக்கிற வேலையைப் பார்" என்ற பதில் வரும். சொல்பவருக்கும் அது வலிக்கிறது என்பதால்தான் அப்படிச் சொல்கிறார். ஹோல்டனின் தாயாரும் மகன் கேட்டதைவிட வேறு வகைப் பனிச்சறுக்குச் சப்பாத்தை அன்போடு வாங்கி அனுப்பியவர்தான். அவர் கடையில் நின்று விசாரித்திருப்பதைக் கற்பனை செய்தே அவன் துக்கப்படுகிறான். நம் வீடுகளிலும் கைபேசியும் மடிக்கணினியும் குறைவின்றி வருகின்றன. அந்தப் படத்தைப் பற்றிய பேச்சு மட்டும் வருவதில்லை. பிறகு மகன் முகம் கொடுத்துப் பேசுகிறான் இல்லை என்று முறைப்படுகிறோம்.

என் நேரம் முடிகிறது. எதிரணியின் மூன்றாவது பேச்சாளருக்கு ஒரு கேள்வியை விட்டுச் செல்கிறேன். நாவலின் கடைசிப் பக்கத்தில் ஹோல்டன், தான் கதையில் குறை சொன்ன அத்தனை பேரையும், தன்னை அடித்த ஸ்ட்ராட்லேட்டரையும்கூட, காணாமல் ஏங்குவதாகச் சொல்கிறான். பிடிவாதத்தால் உலகத்தை உதறியவன் அப்படிச் சொல்வதற்கு என்ன காரணம் என்று, அந்தப் பக்கத்தை முழுமையாக வாசித்துக் காட்டிவிட்டு அவர் விடை தரட்டும்.