மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைக் குறைக்க: இன்ச் டேப்பிலிருந்து ஆரம்பிப்போம்

(காட்சி: சமையலறை மேடை. எவர்சில்வர் டம்ளரில் காபி.)

"நான் முட்டைகூட தொட்டதில்லடி. எனக்குப் போய் ஏன் இது வந்துச்சு?"

ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்த அன்னைக்கு என் பெரியம்மா கேட்டது இது. அப்போ அவங்களுக்கு 58 வயசு. என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அதுக்கப்புறம் தேடித் தேடிப் படிச்சதைத்தான் இந்த வீடியோவுல சொல்றேன்.

முதல்ல ஒண்ணு. ஒரு பெண்ணுக்கு இந்த நோய் ஏன் வந்துச்சுன்னு தனியா யாராலயும் சொல்ல முடியாது. வயசு ஏற ஏற வாய்ப்பு கூடும். 100 பேர்ல 5-லேர்ந்து 10 பேருக்கு, பரம்பரையா வர்ற மரபணுக் கோளாறு காரணமா இருக்கும். எல்லாத்தையும் ஒழுங்கா கடைப்பிடிச்சவங்களுக்கும் வருது. அதனால நோயில படுத்திருக்கறவங்ககிட்ட போய் "நீ அதைச் சாப்பிட்டிருக்கக் கூடாது"ன்னு தயவுசெய்து சொல்லிடாதீங்க. இன்னிக்குப் பேசப் போறது வாய்ப்பைக் குறைக்கிறதைப் பத்தி மட்டும்தான்.

2022-ல மட்டும் இந்தியாவுல சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதுசா மார்பகப் புற்றுநோய் வந்திருக்கு. சென்னையில ஒரு காலத்துல பெண்களுக்கு அதிகமா வந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். அடையாறு புற்றுநோய் மையம் பராமரிக்கிற பதிவேட்டைப் பார்த்தா, அந்த இடத்துக்கு இப்போ மார்பகப் புற்றுநோய் வந்திருக்கறது தெரியும்.

(காட்சி: பெண் உடலின் எளிய கோட்டோவியம். சினைப்பை ஒளிர்ந்து மங்குகிறது. இடுப்பைச் சுற்றி மெல்ல ஒளி பரவுகிறது.)

இதுல ஈஸ்ட்ரோஜனோட பங்கு பெரிசு. மார்பகத்துல இருக்கிற செல்களை வளரச் சொல்ற ஹார்மோன் அது. மாதவிலக்கு நிக்கற வரைக்கும் அது பெரும்பாலும் சினைப்பையிலேர்ந்து வருது. நின்ன பிறகு சினைப்பை ஓய்ஞ்சிடும். அப்போ ஈஸ்ட்ரோஜனும் நின்னுடுமா? இல்லை. நம்ம உடம்புக் கொழுப்புல அரோமடேஸ்னு ஒரு நொதி இருக்கு. ரத்தத்துல ஓடற வேற ஹார்மோன்களை எடுத்து அது ஈஸ்ட்ரோஜனா மாத்திடும். கொழுப்பை நாம வெறும் மூட்டைன்னு நினைச்சுக்கிட்டிருக்கோம். அது ராத்திரி பகலா வேலை நடக்கற பட்டறை. மூட்டை பெரிசாக ஆக பட்டறையும் பெரிசாகும். இன்சுலினும் கூடும். செல்கள் பெருகறதுக்கு அதுவும் தூண்டுதல்தான்.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. அமெரிக்காவுல நர்ஸுகளைப் பல வருஷம் தொடர்ந்து கவனிச்ச ஒரு பெரிய ஆய்வு இருக்கு. அதுல மாதவிலக்கு நின்ன 87,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பத்தின முடிவு 2006-ல வந்துச்சு. 18 வயசுல இருந்த எடையைவிட 25 கிலோவுக்கு மேல ஏறினவங்களுக்கு, எடை மாறாம இருந்தவங்களைவிட வாய்ப்பு 45% அதிகம். இதைவிட எனக்குத் தெம்பு கொடுத்தது இன்னொரு முடிவு. மாதவிலக்கு நின்ன பிறகு 10 கிலோ குறைச்சு, அதைத் திரும்ப ஏறவிடாம வச்சிருந்தவங்கள்ல, ஹார்மோன் மாத்திரை எதுவும் எடுக்காதவங்களுக்கு வாய்ப்பு பாதிக்கும் கீழ இறங்கியிருந்துச்சு. "50 தாண்டியாச்சு, இனிமே என்ன"ன்னு சொல்றவங்களுக்காகத்தான் இதைச் சொல்றேன்.

(காட்சி: தையல் மெஷின் டிராயர். உள்ளே நூல்கண்டுகள், மஞ்சள் இன்ச் டேப்.)

சரி, வயித்தைச் சுத்தி கொழுப்பு எவ்வளவு சேர்ந்திருக்குன்னு தெரிஞ்சுக்க அந்த இன்ச் டேப்பை எடுங்க. புடவைக் கட்டை கொஞ்சம் இறக்கிக்கோங்க, துணி மேல அளக்க வேண்டாம். கடைசி விலா எலும்பு எங்க முடியுதுன்னு விரலால தடவிப் பாருங்க. இடுப்பெலும்போட மேல் விளிம்பையும் பாருங்க. ரெண்டுக்கும் நடுவுல டேப்பைச் சுத்துங்க. வயித்தை எக்காதீங்க. மூச்சை இயல்பா வெளிய விட்டதும் எவ்வளவுன்னு பாருங்க. நம்ம ஊர்ப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது 31 அரை இன்ச், அதுதான் எல்லை. தாண்டியிருந்தா பயப்பட வேண்டாம், காலண்டர் ஓரத்துல குறிச்சு வைங்க. 3 மாசம் கழிச்சு அதே இடத்துல மறுபடி அளங்க.

இப்போ சாப்பாடு. எண்ணெயைக் குறைச்சா போதும்னு பலரும் நினைக்கறாங்க. அமெரிக்காவுல கிட்டத்தட்ட 49,000 பெண்களை வச்சு அதைச் சோதிச்சே பார்த்திருக்காங்க. கொழுப்பு குறைஞ்ச சாப்பாட்டால சுமார் 8 வருஷத்துல மார்பகப் புற்றுநோய் உறுதியா சொல்லும்படி குறையலை. அப்போ எதைத்தான் பார்க்கணும்? மொத்தத்துல எவ்வளவு உள்ள போகுதுங்கறதைப் பார்க்கணும்.

என் பெரியம்மாவையே எடுத்துக்கறேன். இதனாலதான் அவங்களுக்கு வந்துச்சுன்னு நான் சொல்லலை, எத்தனையோ வீட்டுல நடக்கறதுதான் இது. எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுப்படியில நின்னுக்கிட்டே சாப்பிடுவாங்க. பேரன் மிச்சம் வச்ச தோசை, சட்டியோட அடியில இருக்கிற உப்புமா, வீணாப் போகக் கூடாதேன்னு எல்லாம் அவங்க வயித்துக்குள்ள. மதியம் குழம்புக்கு ஒரு தடவை சாதம், ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. பொரியல் ஓரமா ஒரு ஸ்பூன். நாளுக்கு 4 காபி, ஒவ்வொண்ணுலயும் 2 ஸ்பூன் சர்க்கரை. கூட்டிப் பாருங்க: 8 ஸ்பூன், ஏறக்குறைய 40 கிராம். நாளுக்கு 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. சுத்த சைவம்தான், ஆனா தட்டு முழுக்க அரிசியும் சர்க்கரையும்.

மூணு தடவை சாதம் போட்டுக்கறதை விட வேண்டாம். ஒவ்வொரு தடவையும் பாதியா போட்டுக்கோங்க. கீரை, அவரைக்காய், கொத்தவரங்காய், வாழைத்தண்டு இதெல்லாம் சாதத்துக்குச் சமமா தட்டுல இருக்கணும். சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதிலா சுண்டல். மீந்ததை ஃப்ரிட்ஜுல வைங்க. முக்கியமா, எல்லாரோடயும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்க. நின்னுக்கிட்டு சாப்பிட்டா அளவே தெரியாது.

மஞ்சள், முள்சீத்தா, கருஞ்சீரகம்னு ஏதோ ஒரு பொருள் புற்றுநோயைத் தடுக்கும்னு யாராவது விற்க வந்தா வாங்காதீங்க. மனுஷங்ககிட்ட அப்படி நிரூபணம் ஆகலை. சோயா சாப்பிட்டா வரும்ங்கறதும் சரியில்லை, பிரா போடறதால வரும்ங்கறதும் சரியில்லை.

மது. இதுல நெளிவு சுளிவு கிடையாது. நாளுக்கு 10 கிராம் ஆல்கஹால், அதாவது ஒரு சின்ன கிளாஸ் ஒயின் அளவு போனாலே வாய்ப்பு சுமார் 7% கூடுது. அளவு கூடக் கூட அதுவும் ஏறும்.

நடை. வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேணும். "நாள் பூரா வீட்டு வேலை செய்யறேனே"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. துணி துவைக்கறதும் வீடு துடைக்கறதும் மூச்சு வாங்கற அளவுக்கு இருந்தா கணக்குல சேரும். சோதிக்க ஒரு வழி இருக்கு: செய்யும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. வெளிய போக முடியாதவங்களுக்கு மொட்டை மாடி போதும்.

(காட்சி: தாய்ப்பால் கொடுக்கும் பெண்ணின் நிழலுருவம்.)

தாய்ப்பால் விஷயத்துல கொஞ்சம் நின்னு பேசணும். 1926-லயே ஜேனட் லேன்-கிளேபன்ங்கற இங்கிலாந்து டாக்டர், நோய் வந்த 500 பெண்களையும் வராத 500 பெண்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, குழந்தை குறைவா பெத்தது, பால் கொடுக்காதது இதுக்கெல்லாம் நோயோட தொடர்பு இருக்குன்னு எழுதினாங்க. 2002-ல 30 நாடுகள்ல நடந்த 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாசத்துக்கும் வாய்ப்பு 4.3% குறையறது தெரிஞ்சுது. ஆனா இதை அம்மாக்கள் தலையில மட்டும் கட்டறதை என்னால ஏத்துக்க முடியலை. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021-லேர்ந்து 12 மாசம் பேறுகால விடுப்பு உண்டு. சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போற பெண்ணுக்கு அது ஏது? அவ வேலைக்குப் போற நேரத்துல குழந்தையைப் பார்த்துக்க ஆள் வேணும், சம்பளத்துல பிடிக்காம இருக்கணும். பால் சுரக்காத அம்மாவை யாரும் குத்திக் காட்டக் கூடாது.

கடைசியா, என் பெரியம்மா செஞ்ச ஒண்ணை நீங்க செய்யாதீங்க. குளிக்கும்போது இடது பக்கம் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டிருக்கு. வலிக்கலை. மக சீமந்தம் முடியட்டும்னு 4 மாசம் யார்கிட்டயும் மூச்சு விடலை. எல்லாக் கட்டியும் புற்றுநோய் இல்லை, ஆனா வலிக்கலைங்கறதுக்காகச் சும்மா விடவே கூடாது. தோல் உள்வாங்கறது, காம்பு உள்ள இழுத்துக்கறது, காம்புல ரத்தம் கசியறது, அக்குள்ல கட்டி, இதுல எது தெரிஞ்சாலும் அந்த வாரமே டாக்டர்கிட்ட போங்க.

மும்பையில 1,51,538 பெண்களை வச்சு டாடா நினைவு மையம் 20 வருஷம் நடத்தின ஆய்வுல, பயிற்சி எடுத்த சுகாதாரப் பணியாளர்கள் 2 வருஷத்துக்கு ஒரு தடவை கையால பரிசோதிச்சாங்க. 50 வயசும் அதுக்கு மேலயும் இருந்தவங்கள்ல இந்த நோயால வர்ற மரணம் கிட்டத்தட்ட 30% குறைஞ்சுது. 30 வயசு ஆயிட்டா உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல இந்தப் பரிசோதனையைக் கேளுங்க. அம்மாவுக்கோ அக்காவுக்கோ இந்த நோய் வந்திருந்தா அதை முதல்லயே சொல்லிடுங்க. தனியா போகத் தயக்கமா இருந்தா பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிட்டுப் போங்க, அவங்களும் பார்த்துக்கட்டும்.