தலைவர் வராத நாளிலும் நடக்கும் குழு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

சுற்றுச்சூழலுக்காக நம் பகுதியில் ஒரு குழு வேண்டும் என்று இத்தனை பேர் கூடியிருப்பது மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. குழுவுக்கு என்ன பெயர், யார் தலைவர், யார் செயலாளர் என்பதை இன்றே முடிவு செய்துவிடலாம் என்று சிலர் சொன்னீர்கள். அதைச் சற்றுத் தள்ளி வையுங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். பெயர் சூட்டி, பதவி பிரித்து, மூன்றாவது கூட்டத்தோடு கலைந்துபோன குழுக்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே நல்லெண்ணத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை. ஆனால் கூட்டம் முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு மறுநாள் காலையில் செய்ய ஒரு வேலை இல்லை. கூடியவர்கள் மெல்ல மெல்ல நின்றுபோனதற்கு அதுதான் காரணம்.

1992இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த புவி உச்சி மாநாட்டில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட செயல்திட்டத்தின் 28ஆம் அத்தியாயம், சுற்றுச்சூழல் சிக்கல்களில் பலவற்றுக்கும் அவற்றின் தீர்வுகளுக்கும் வேர் உள்ளூரில்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. சரி, உள்ளூரில் எங்கே தொடங்குவது? கண்ணுக்குத் தெரிகிற, சில வாரங்களில் பலன் தெரிகிற ஒரே ஒரு வேலையில் தொடங்குங்கள் என்பேன். ஒன்றே ஒன்று போதும். நீர், மின்சாரம், பிளாஸ்டிக், மரம் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கிச் சுமந்தால் எதுவும் நகராது.

மக்கும் குப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். உலக வங்கி 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகம் முழுவதும் சேரும் நகரக் குப்பையில் 44 சதவீதம் உணவுக் கழிவும் தாவரக் கழிவும்தான். குப்பை மேட்டில் காற்றுப் புகாமல் அழுகும்போது அது புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவை வெளிவிடுகிறது. அதையே தெருமுனைத் தொட்டியில் போட்டுப் பக்குவமாக மக்க வைத்தால் உரமாகிறது.

பக்குவமாக என்று அழுத்திச் சொல்கிறேன். பல குழுக்கள் உடைவது இந்தத் தொட்டியின் நாற்றத்தில்தான். முதல் வாரம் எல்லோரும் உற்சாகமாக ஈரக் கழிவைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். காய்ந்த இலை சேர்க்க ஆள் இருக்காது. கழிவு சொதசொதவென்று படிந்து, உள்ளே காற்று போகாமல் நாறத் தொடங்கும். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவார், பிறகு புகார் எழுதுவார். நுண்ணுயிர்கள் ஒழுங்காக வேலை செய்ய, ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு வரை கார்பன் தேவை. ஈரக் கழிவில் நைட்ரஜன் மிகுதி, காய்ந்த இலையில் கார்பன் மிகுதி. ஆகவே ஒரு வாளி ஈரக் கழிவு விழுந்தால் அதன்மேல் இரண்டு வாளி சருகு விழ வேண்டும். சில நாளுக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் வருகிற அளவுக்கு ஈரம் இருந்தால் போதும். சருகு மூட்டை யார் பொறுப்பு, எந்தக் கிழமை யார் கிளறுவது என்று எழுதி ஒட்டிய தொட்டி நாறுவதில்லை. எதிர்வீட்டுக்காரரே அந்தப் பட்டியலில் இடம்பெற்றால் இன்னும் நல்லது.

இனி, விதிகள். 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற முதல் பெண் எலினோர் ஆஸ்ட்ரம். பொதுவான நீரையும் காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் மக்கள் தாங்களே எப்படிக் காத்து வந்தார்கள் என்பதை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர். அவர் எடுத்துக்காட்டிய இடங்களில் ஒன்று சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமம். குளிர்காலம் முழுவதும் ஒருவர் எத்தனை மாடுகளுக்குத் தீவனம் போட முடியுமோ, அத்தனை மாடுகளை மட்டுமே கோடையில் பொது மேய்ச்சலுக்கு ஓட்டலாம் என்று 1517இலேயே அங்கே விதி செய்திருக்கிறார்கள். எவ்வளவு தெளிவான அளவுகோல் பாருங்கள்! யாரும் ஏமாற்ற முடியாது, எண்ணிப் பார்க்கப் பக்கத்து வீட்டுக்காரரே போதும். இப்படி நிலைத்து நின்ற இடங்களில் விதிக்குக் கட்டுப்படுகிறவர்களே விதியைச் செய்தார்கள், மீறினால் முதலில் தண்டனை லேசாகவே இருந்தது என்று ஆஸ்ட்ரம் கண்டார். நம் குழுவுக்கும் இது பொருந்தும். ஒருமுறை தவறியவரை எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டால் அவர் மறுமுறை வரமாட்டார்.

எதிர்ப்பவர்களைப் பற்றியும் கவலைப்படுகிறீர்கள். டென்மார்க்கில் சாம்சோ என்று ஒரு தீவு. சுமார் நான்காயிரம் பேர் வாழ்கிறார்கள். புதுப்பிக்கத்தக்க ஆற்றலிலேயே வாழ்ந்து காட்டும் தீவாக 1997இல் ஒரு போட்டியில் தேர்வானது. பத்தாண்டுகளுக்குள் நிலத்தில் 11, கடலில் 10 என்று காற்றாலைகள் எழுந்தன. அந்தக் காற்றாலைகளில் தீவு மக்களே உரிமையாளர்களாகவும் பங்குதாரர்களாகவும் சேர்ந்தார்கள். தனக்கும் பங்குள்ள காற்றாலை வீட்டுக்கு எதிரே சுழன்றால் யாருக்கும் உறுத்தாது. எதிர்க்கிறவரிடம் வாதாடி வெல்வதைவிட அவருக்கும் ஒரு பங்கு கொடுப்பது எளிது.

பதிவு, வங்கிக் கணக்கு எல்லாம் பணம் கைமாறத் தொடங்கும்போது பார்த்துக்கொள்ளலாம். வரவு செலவை மட்டும் முதல் நாளிலிருந்தே எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டுங்கள்.

ஒன்றை மட்டும் பிடிவாதமாகக் கேட்கிறேன். ஒவ்வொரு வேலையையும் இரண்டு பேராவது தெரிந்து வைத்திருக்க வேண்டும். சாவி ஒருவரிடமே இருக்கிற குழு, அவருக்குக் காய்ச்சல் வந்த வாரமே நின்றுவிடும். தொடங்கியவர்கள் இதை மனமுவந்து செய்ய வேண்டும். தம் கையில் இருப்பதைப் பிறருக்குக் கற்றுக்கொடுத்து ஒதுங்கி நிற்பது அவர்களுக்குத்தான் மிகக் கடினம்.

வாசலருகே மேசையில் ஒரு தாள் வைத்திருக்கிறோம். பெயர், வாரத்தில் எந்தக் கிழமை, என்ன வேலை என்று மூன்று கட்டங்கள். மூன்றாவது கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். மண்வெட்டி பிடிக்க முடியாதவர்கள் கணக்கு எழுதலாம், வீடு வீடாகப் போய்ப் பேசலாம், சருகு சேர்க்கலாம். தொட்டிக்கு இடம் பார்க்க வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு இதே வாசலில் கூடுவோம். நன்றி, வணக்கம்.