ஆயிரம் வேரும் ஒரு வரப்பும்

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, நாற்றங்கால் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, நான் சொல்ல எண்ணியிருந்ததில் பாதியை எனக்கு முன்பே சொல்லிவிட்ட அரசு சித்த மருத்துவர் அவர்களே, பொன்னாடைக்குப் பதிலாகத் தூதுவளைச் செடியைத் தொட்டியோடு கொடுத்து, முள் குத்தியதற்கு மன்னிப்பும் கேட்ட வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, ஒலிபெருக்கியை வாடகையில்லாமல் தந்த தம்பி அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

மூலிகை மருந்தின் நன்மை, தீமை, அதற்கான சட்டம் என்று மூன்று செய்திகளை அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். அவற்றுக்கு முன்பு ஒரு பழமொழி. 'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்று சொல்லிச் சிரிக்கிறோம். 'ஆயிரம் வேரைக் கொண்டவன் அரை வைத்தியன்' என்பதே சரியான வடிவம் என்பார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

நன்மைக்கு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி, தன்வந்திரி மகாலில் நம் நாட்டு வைத்தியர்களையும் மேனாட்டு மருத்துவத்தையும் ஒரே கூரையின்கீழ் வைத்து, தேர்ந்த மருந்து முறைகளைத் தமிழ்ப் பாட்டாகவும் எழுதி வைக்கச் செய்தார். சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952-இல் பிரித்தெடுக்கப்பட்ட ரிசர்பின், இரத்த அழுத்தத்துக்கு உலகமெங்கும் மருந்தாயிற்று. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்சிசின், யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவலிக்கு மருந்து. அதே கிழங்கைக் கைக்கு வந்தபடி தின்றால் உயிர் போய்விடும். நன்மையும் தீமையும் ஒரே கிழங்கில் இருக்கும்போது நான் எப்படித் தனித்தனியாகப் பேசுவது?

என் சித்தப்பாவுக்குச் சம்பா அறுவடைக்குச் சற்று முன்பு கண் மஞ்சளாயிற்று. சித்தி வரப்பில் இறங்கி, இலைக்காம்பின் அடியில் கடுகளவு காய்கள் வரிசையாகத் தொங்குகின்றனவா என்று திருப்பித் திருப்பிப் பார்த்து, கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி வந்து, அம்மியில் மை போல அரைத்து, மோரில் கரைத்து, வெறும் வயிற்றில் கொடுத்தார். அதற்கு மேல் உப்பில்லாத பத்தியச் சோறு. மூன்றாம் நாள் சாயங்காலமே சித்தப்பா, "மதகைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று கிளம்பினார். மதகு இருப்பது மேற்கே. அவர் போனது கிழக்கே, டீக்கடைப் பக்கம். தோள் துண்டுக்குள் வாழைக்காய் பஜ்ஜியை மறைத்துத் தின்றவரைச் சித்தி கையும் பஜ்ஜியுமாகப் பிடித்தார். பதினைந்து நாளாகியும் மஞ்சள் இறங்கவில்லை. பழி முழுவதும் பஜ்ஜியின் மேல் விழுந்தது. உடம்பெல்லாம் அரிப்பு எடுத்து, மலம் சுண்ணாம்பு நிறமான பிறகுதான் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனோம். வேறு மருந்து ஏதாவது சாப்பிட்டாரா என்று மருத்துவர் கேட்டதற்குச் சித்தி, "ஒன்றுமில்லைங்க ஐயா, வெறும் பச்சிலைதான்" என்றார். ஸ்கேனில் பித்தநாளத்தில் கல் தெரிந்தது. கல்லை எடுத்ததும் மஞ்சள் இறங்கிற்று. சித்தப்பாவோ கீழாநெல்லிதான் தம்மைக் காப்பாற்றியது என்று இன்றும் சொல்கிறார். கல்லைப் பற்றிக் கேட்டால், அது பஜ்ஜியால் வந்தது என்பார்.

வைரஸால் வரும் காமாலை பலருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடுவதால், அந்தப் புகழ் கீழாநெல்லிக்குச் சேர்ந்துவிடுகிறது. கல் அடைத்த காமாலை அப்படித் தணியாது. இலையின் மேல் குற்றமில்லை, காத்திருந்த பதினைந்து நாளின் மேல்தான் குற்றம். அந்த 'வெறும்' என்ற சொல்லும் கூட்டுக் குற்றவாளி. அதிமதுரத்தை நாள்கணக்கில் மென்றால் இரத்த அழுத்தம் ஏறும். ஆடுதின்னாப்பாளையில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அமிலம் இருக்கிறது. சர்க்கரை மாத்திரையோடு கசப்புச் சூரணத்தையும் விழுங்கினால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும். எந்த மருத்துவரிடம் போனாலும், தின்ற இலையின் பெயரைச் சொல்லிவிடுங்கள். ஆயிரம் வேரைக் கொண்டவனே அரை வைத்தியன் என்றால், ஒரு வேரை மட்டும் அறிந்த நாம் எத்தனையில் ஒரு பங்கு?

என் கவலை அந்த வரப்பைப் பற்றியது. முன்பெல்லாம் வரப்பை மண்வெட்டியால் கழித்தார்கள். அதில் தப்பிய வேர், மழை பெய்தால் மறுபடி துளிர்க்கும். இன்றைக்குத் தெளிக்கும் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி இலை வழியாக இறங்கி வேரையே கொல்கிறது. பழமொழிக்கு இப்போது மூன்றாவது வடிவம் வந்துவிட்டது: ஆயிரம் வேரைக் கொன்றவன். அவன் கால் வைத்தியன்கூட அல்லன். கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, வல்லாரை, பொன்னாங்கண்ணி எல்லாம் ஒரே தெளிப்பில் போகின்றன. இன்னும் அஞ்சத்தக்கது, மருந்து பட்ட செடி உடனே வாடுவதில்லை. சில நாள் பச்சையாகவே நிற்கும். அந்த நாளில் என் சித்தி போன்ற ஒருவர் அதைப் பறித்து அரைத்தால், கீழாநெல்லியோடு களைக்கொல்லியும் மோரில் கரையும். மூலிகையின் தீமைகள் என்று பட்டியல் போடுகிறவர்கள் இதைச் சேர்ப்பதில்லை.

ஆகவே ஊராட்சித் தலைவர் அம்மையாரிடம் பொதுமேடையிலேயே விண்ணப்பிக்கிறேன். இந்தக் குறுவையிலிருந்து பிள்ளையார் கோயில் வாய்க்காலின் இரு கரையிலும் களைக்கொல்லி தெளிக்கக் கூடாது என்று தீர்மானம் போடுங்கள். தம் வயல் வரப்பில் தெளித்தே தீருவேன் என்பவர், தெளித்த இடத்தில் ஒரு குச்சியில் சிவப்புத் துணி கட்டட்டும். கரையைக் கழிக்க அரசின் ஊரக வேலைத் திட்ட ஆட்களை அமர்த்த முடியுமா என்றும் பாருங்கள்.

சட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும். செயலாளர் மணியடித்துவிட்டார். 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்தை இன்னொரு கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம். விண்ணப்பத்துக்கான கையெழுத்துக் குறிப்பேடு பின்வரிசையிலிருந்து வருகிறது. பேனா வராதவர்கள் கைநாட்டு வைக்கலாம், மைப்பெட்டியைத் தம்பி வைத்திருக்கிறார். நன்றி, வணக்கம்.