இன்று படம் இல்லை, கடல் மட்டும்தான்

வணக்கம் மக்களே. காற்று பலமாக அடிக்கிறது, குரல் தெளிவாகக் கேட்கிறதா தெரியவில்லை. பினாங்கில், பெங்காலான் வெல்ட் கடலோரச் சாலையில் நிற்கிறேன். பின்னால் போவது பட்டர்வொர்த் ஃபெரி. மணி காலை ஏழேகால், இன்னும் பசியாறவில்லை. தூக்கமும் மூன்று மணி நேரம்தான். முகம் வீங்கியிருந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

நேற்று இரவு ஒரு விழிப்புச் செபத்துக்குப் போயிருந்தேன். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காகவும் அகதிகளுக்காகவும் ஒரு தேவாலயத்தில் வைத்தார்கள். தீவுக்கு எதிரே பெருநிலத்தில்தான், ஆனால் எந்தத் தேவாலயம் என்று சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. அங்கே எடுத்த காட்சி ஒன்றுகூட உங்களுக்குக் காட்ட முடியாது. நான் எடுக்கவே இல்லை. கோயிலில் செருப்பு வாங்கி வைத்து டோக்கன் கொடுப்பார்கள் அல்லவா, அதே மாதிரி வாசலில் ஒரு கூடை. எல்லார் கைபேசியும் அதற்குள். எனக்கு டோக்கன் எண் 31. காணொளி போட்டுப் பிழைக்கிறவளிடம் கைபேசியைப் பிடுங்கினால் எப்படி இருக்கும்! முதல் பத்து நிமிடம் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

நான் கிறிஸ்தவள் இல்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுகிற குடும்பம். எதிர்வீட்டு அக்காதான் கூப்பிட்டார். கத்தோலிக்கர்கள் உலகப் புலம்பெயர்ந்தோர், அகதிகள் நாள் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். 1914-இல் தொடங்கியதாம். இப்போது வழக்கமாகச் செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை வரும். அதற்கு முந்தைய இரவு இந்தச் செபம்.

முதலில் செபமாலை. மரியே செபத்தைப் பத்துப் பத்தாக ஐந்து சுற்று சொல்வார்கள். ஐந்து பத்து, ஐந்து மொழி. முதல் பத்து தமிழ், அடுத்தது மலாய், அப்புறம் மாண்டரின், தகாலோக், கடைசியில் பர்மாவிலிருந்து வந்தவர்களின் மொழி ஒன்று. ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் அவரவர் மொழியில் மறுபாதியைச் சொல்கிறார்கள். "அருள் நிறைந்த மரியே" என்று நம் பாட்டிமார் இழுக்கும் இழுப்பும் பிலிப்பினோ அக்காமார் வேகமும் எங்கேயுமே ஒத்துப்போகவில்லை. தமிழ் முடிய இன்னும் மூன்று வார்த்தை இருக்கும்போதே அவர்கள் முடித்துவிட்டுக் காத்திருப்பார்கள். மூன்றாவது பத்தில் யாரும் சொல்லாமலே எல்லாரும் கொஞ்சம் மெதுவாகிவிட்டார்கள். அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. பிரசங்கம் ஐந்தே நிமிடம். அதற்காகவே ஃபாதருக்கு ஒரு கும்பிடு.

அப்புறம் மன்றாட்டுகள். யார் பெயரும் கிடையாது. "ஒரு தாய்க்காக, அவருடைய மகன் டிப்போவில் இருக்கிறான்." "கட்டுமான இடத்தில் விழுந்து கால் உடைந்த ஒரு சகோதரருக்காக." இப்படித்தான். டிப்போ என்றால் பஸ் நிற்கும் இடம் என்று சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். குடிநுழைவுத் துறையின் தடுப்பு முகாமைத்தான் இங்கே டிப்போ என்கிறோம், வெளியூர் ஆட்களுக்காகச் சொல்கிறேன்.

பீடத்துக்குப் பக்கத்தில் ஆறு மெழுகுவர்த்தி தனியாக எரிந்தது. அக்காவிடம் கேட்டேன். சுங்கை பாக்காப் என்றார். 2022 ஏப்ரல் 20, நோன்பு மாதம். இங்கே சுங்கை பாக்காப் தற்காலிக முகாமிலிருந்து 528 ரொஹிங்யா மக்கள் இரவோடு இரவாகத் தப்பி ஓடினார்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையைக் கடக்கும்போது வாகனம் மோதி ஆறு பேர் இறந்தார்கள், இரண்டு பேர் குழந்தைகள். அந்தச் சாலையில் நான் மாதம் இரண்டு முறை போகிறேன். செய்தி வந்த அன்று என்ன நினைத்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். நெடுஞ்சாலையில் நெரிசல் இருக்குமோ என்றுதான் நினைத்தேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இதை நம்மில் பலர் குழப்பிக்கொள்கிறோம். 1951 அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்துப் போடவில்லை. ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் பதிந்தவர்கள் இங்கே 180,000-க்கும் மேல், அதில் ரொஹிங்யா மட்டும் ஒரு லட்சத்தைத் தாண்டும். இலங்கைத் தமிழர்களும் இருக்கிறார்கள். ஆணையத்தின் அட்டை கையில் இருந்தாலும் அது வேலை பெர்மிட் ஆகாது, பிள்ளையை அரசுப் பள்ளியிலும் சேர்க்க முடியாது. பாஸ் இல்லாமல் நாட்டுக்குள் வந்தால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, ஆறு பிரம்படி வரை. கைபேசிக் கூடையின் அர்த்தம் இப்போது புரிகிறதா?

இருங்கள், மோட்டார் போகட்டும்.

சரி. வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமா பிடித்துக்கொண்டார். "நம்ம ஆளுங்களுக்கு யாரும்மா மெழுகுவர்த்தி ஏத்துனாங்க? தோட்டத்துல கூலி ஏத்திக் கேட்டப்ப வெளியாளக் கொண்டாந்துதானே நம்மள எழுப்பி விட்டாங்க." மாமா சொல்வதைத் தள்ளிவிட முடியாது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தோட்டத்து லயங்களில் அதுதான் நடந்தது, அவர் அதை அனுபவித்தவர். ஆனால் குறைந்த கூலிக்கு ஆள் கொண்டுவரலாம் என்று முடிவு செய்தவர்மேல் வராத கோபம், வந்த ஆள்மேல் ஏன் வருகிறது? இதைக் கேட்டதும் மாமா டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

மாமாவின் அம்மா, அதாவது என் பாட்டி, சாகும்வரை சிவப்பு ஐசிதான் வைத்திருந்தார், குடிமக்கள் அல்லாத நிரந்தரவாசிகளுக்குக் கொடுக்கும் அடையாள அட்டை அது. அறுபது வருடம் ரப்பர் பால் வெட்டியும் குடியுரிமை வரவில்லை. தாத்தா முப்பதுகளில் நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறி வந்தவர். அப்போது கப்பலில் வந்த கூலிகளை நேராக ஊருக்குள் விடமாட்டார்கள். நோய் இருக்கிறதா என்று பார்க்க, அதோ பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜெரெஜாக் தீவு, அங்கே அடைத்து வைப்பார்கள். தாத்தா அந்தத் தீவைப் பற்றிப் பேசவே மாட்டார்.

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. நம் கோயில்களில் நாதஸ்வரம், தவில் வாசிப்பவர்கள், குருக்கள், கோபுரத்தில் சுதை வேலை செய்பவர்கள், இவர்களில் எத்தனை பேர் பெர்மிட்டில் வந்தவர்கள்? அவர்கள் இல்லாமல் ஒரு கும்பாபிஷேகம் நடக்குமா? அவர்களுக்காக ஒரு கூட்டுப் பிரார்த்தனை வைத்த கோயிலை நான் இதுவரை பார்த்ததில்லை. எங்கேயாவது வைத்தால் கூப்பிடுங்கள், கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறேன்.

"செபம் பண்ணா பெர்மிட் வந்துருமா?" இதுவும் மாமாதான். நெதர்லாந்தில் ஒரு தடவை வந்திருக்கிறது! ஹேக் நகரத்தில் பெத்தேல் என்று ஒரு சின்னத் தேவாலயம். வழிபாடு நடந்துகொண்டிருக்கும்போது போலீஸ் உள்ளே வரக்கூடாது என்று அந்த நாட்டில் சட்டம். நாடு கடத்தப்பட இருந்த ஓர் ஆர்மீனியக் குடும்பத்தை உள்ளே வைத்துக்கொண்டு 2018 அக்டோபர் 26-இல் வழிபாட்டைத் தொடங்கினார்கள். நிறுத்தவே இல்லை. நூற்றுக்கணக்கான போதகர்கள் முறை வைத்து வந்து இரவு பகலாக 96 நாள் நடத்தினார்கள். 2019 ஜனவரி கடைசியில் அரசு இறங்கி வந்த பிறகுதான் கடைசி ஆமென். நம் ஊரில் அந்த மாதிரிச் சட்டம் எதுவும் கிடையாது. அமெரிக்காவில் தேவாலயம், பள்ளி, மருத்துவமனைப் பக்கம் குடிநுழைவு அதிகாரிகள் பெரும்பாலும் போகாமலிருக்க ஒரு வழிகாட்டுதல் இருந்தது. அதை 2025 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். சிகாகோ பக்கம் பிராட்வியூ என்ற இடத்தில் உள்ள தடுப்பு மையத்துக்குப் பாதிரியார்கள் ஊர்வலமாகவே போனார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு நற்கருணை கொடுக்கக் கேட்டார்கள், விடவில்லை. வாசலில் நின்று செபித்தார்கள், கேமராக்கள் சுற்றி நின்றன. இங்கே கதவைச் சாத்திக்கொண்டு செபிக்கிறோம்.

கதவைச் சாத்தாமல் பேசியவர் ஒருவர் உண்டு, நம் பக்கத்துச் சுங்கை பட்டாணியில் பிறந்த ஐரின் பெர்னாண்டஸ். கிறிஸ்தவத் தொழிலாளர் இளைஞர் இயக்கத்தில் வளர்ந்தவர், வெளிநாட்டுத் தொழிலாளர்களின் உரிமைக்காகப் போராடும் தெனாகனித்தா அமைப்பை நடத்தியவர். தடுப்பு முகாம்களில் நடப்பதை 1995-இல் அறிக்கையாக எழுதினார். 1996-இல் வழக்கு, 2003-இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை, மேல்முறையீட்டில் 2008-இல்தான் விடுதலை. ஓர் அறிக்கைக்குப் பன்னிரண்டு வருடம். அவர் 2014-இல் இறந்தபோது நான் பள்ளியில் இருந்தேன். பாடப் புத்தகத்தில் அவர் இல்லை.

செபம் முடிந்து மண்டபத்தில் சாப்பாடு. எல்லாரும் சாப்பிட வேண்டும் என்று பாய் கடையிலிருந்து சோறு வரவழைத்திருந்தார்கள். சாப்பிடும்போதுதான் உண்மையான வேலை நடந்தது. கால் உடைந்தவரைத் திங்கட்கிழமை மருத்துவமனைக்கு யார் கூட்டிப்போவது, வெளிநாட்டவர் கட்டணத்துக்கு யார் எவ்வளவு போடுவது, டிப்போவுக்குப் போக யாருக்குப் பர்மிய மொழி தெரியும், இதெல்லாம் வாழை இலையின் ஓரத்தில் பேசி முடிவானது. பந்தியில் என் பக்கத்தில் ஒரு தம்பி. சிவகங்கைப் பக்கம். சாப்பாட்டுக் கடையில் வேலை, பாஸ்போர்ட் முதலாளியிடம். அடுத்தவர் பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்வது 1966 சட்டப்படியே குற்றம் தம்பி என்றேன். "தெரியும்க்கா. கேட்டா, என்கிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்ங்கிறாரு" என்று சிரித்தார். தைரியம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதிர்வீட்டு அக்கா மட்டும் தாளும் பேனாவும் எடுத்துக் கடை பெயரைக் குறித்துக்கொண்டார்.

நான் காணொளி போடுகிறவள் என்று தெரிந்ததும் அந்தத் தம்பி ஒன்று கேட்டார். அவருடைய அப்பத்தாவின் அப்பா இங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்கியிருக்கிறார். ஊர் திரும்பும்போது கொண்டுபோன தகரப் பெட்டி இன்னும் வீட்டில் இருக்கிறதாம். "பினாங்குல கடல் எப்பிடி இருக்கு?" என்று அப்பத்தா வாராவாரம் கேட்கிறார். கடை வெல்ட் ஓரத்திலிருந்து இருபது நிமிட நடைதான், ஆனால் தம்பி வந்து எட்டு மாதமாகியும் கடலைச் சரியாகப் பார்க்கவில்லை. வாரம் ஏழு நாளும் வேலை. அதனால்தான் இவ்வளவு காலையில் வந்து நிற்கிறேன். இருங்கள், கேமராவைத் திருப்புகிறேன்.

அப்பத்தா, தெரிகிறதா? இதுதான் பினாங்குக் கடல். காலையில் இப்படிக் கொஞ்சம் கலங்கிய பச்சையாகத்தான் இருக்கும். அதோ பெரிய வெள்ளைக் கப்பல் நிற்கிறதே, அது சுவெட்டன்ஹாம் துறை. எதிரே தெரிவது பட்டர்வொர்த், அதற்குப் பின்னால் மலை. உங்கள் அப்பா மூட்டை தூக்கியது இந்தக் கரையில்தான். பேரன் நன்றாக இருக்கிறார், கொஞ்சம் இளைத்திருக்கிறார். நேற்று மீன் குழம்பு இரண்டு தடவை வாங்கி ஊற்றிக்கொண்டார்.