இயந்திரம் யாரிடம் இருக்கிறதோ, பொறுப்பும் அவரிடமே

நடுவர் அவர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, எதிரணி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். பணியிடம் மாறும்போது புதிய திறனைத் தேடிக் கற்பது தொழிலாளியின் பொறுப்பா, அதைக் கற்பிப்பது நிறுவனத்தின் பொறுப்பா என்ற தலைப்பில், நிறுவனத்தின் பொறுப்பே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், கற்க மனமிருந்தால் கைப்பேசியிலேயே பாடம் இலவசமாகக் கிடைக்கிறது என்றார். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்றார். செலவழித்துக் கற்றுக்கொடுத்தால் தொழிலாளி அடுத்த நிறுவனத்துக்குப் போய்விடுவான் என்றும் அஞ்சினார்.

கைப்பேசியிலிருந்தே தொடங்குகிறேன். 2025ஆம் ஆண்டு ஜூன் 30 அன்று நம் சென்னையில், வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. அவற்றை யார் பராமரிப்பது என்பது ஒப்பந்தங்கள் தொடர்பான தனி விவாதம். நான் அதற்குள் போகவில்லை. ஆனால், இருபத்தைந்து ஆண்டுகள் டீசல் இன்ஜினின் சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்லிப் பழகிய ஒரு மெக்கானிக்கை நினைத்துப் பாருங்கள். மின்சாரப் பேருந்தில் அவர் காது கொடுத்துக் கேட்க இன்ஜின் இல்லை. பல நூறு வோல்ட் மின்னழுத்தம் உள்ள பேட்டரி இருக்கிறது. அதன் இணைப்பைத் துண்டித்து, மின்சாரம் இல்லை என்று அளந்து உறுதி செய்த பிறகே கை வைக்க வேண்டும். இதைக் காணொளியில் நூறு முறை பார்க்கலாம். கைக்கு வரவேண்டுமானால் வண்டியின் அடியில், தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்க, செய்து பழக வேண்டும். வண்டியும் கருவியும் நிறுவனத்திடம் இருக்கின்றன. தொழிலாளியின் வீட்டில் இருப்பது ஒரு கைப்பேசியும், பத்து மணி நேர உழைப்பின் களைப்பும்.

அடுத்து, ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்ற பழமொழி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பதினெட்டு ஆண்டுகளாக லேத் எனும் கடைசல் இயந்திரத் தொழிலாளர்களுக்கு, கணினி புரோகிராமில் இயங்கும் சிஎன்சி இயந்திரத்தைக் கற்றுக்கொடுப்பவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்ல எனக்கு உரிமை உண்டு. பழைய லேத்தில் வேலை செய்தவர் முதல் நாள் சிஎன்சி முன்னால் நிற்கும்போது, அவருடைய வலது கை, வெட்டும் கருவியை நகர்த்தும் சக்கரத்தைத் தானாகவே தேடும். அங்கே சக்கரம் இருக்காது. கதவு மூடியிருக்கும், பொத்தானை அழுத்தவே தயங்குவார். ஆனால் வெட்டு விழுந்து இரும்புச் சுருள் நீலம் பாய்ந்து வந்தால், "சார், சூடு ஏறுது, ஸ்பீடைக் குறைக்கணும்" என்று வகுப்பில் முதலில் சொல்பவர் அவர்தான். புரோகிராம் எழுதும் முறையைச் சில வாரங்களில் என்னால் அவருக்குக் கொடுத்துவிட முடியும். அந்தக் கண்ணை ஓர் இளைஞனுக்குக் கொடுக்க எனக்குப் பல ஆண்டுகள் ஆகும்.

பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையையும் பாருங்கள். 1955 முதல் அங்கே கட்டிய பழைய வகைப் பெட்டியின் தயாரிப்பு 2018 ஜனவரியில் முடிவுக்கு வந்தது. அதன் இடத்தைப் பிடித்த பெட்டியின் உடல் துருப்பிடிக்காத எஃகு. சாதாரண எஃகைவிட வெப்பத்தில் அது அதிகம் விரியும். வெப்பமும் அதில் எளிதில் பரவாது. ஆகவே, பழைய பழக்கத்தில் வெல்டிங் செய்தால் தகடு நெளிந்துவிடும். அந்தத் தொழிற்சாலை பழைய தொழிலாளர்களை மூட்டை கட்டி அனுப்பிவிட்டா புதிய பெட்டியைக் கட்டியது? தன் வளாகத்திலேயே பயிற்சி மையம் வைத்திருக்கும் தொழிற்சாலை அது. அதே 2018இல்தான் முதல் வந்தே பாரத் ரயிலும் அங்கிருந்து வெளிவந்தது.

நடுவர் அவர்களே, என் தந்தையைப் பற்றி ஒன்று சொல்ல அனுமதியுங்கள். அவர் திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் அச்சுக்கோர்ப்பவராக இருந்தார். கேஸ் எனும் எழுத்துப் பெட்டியில் எந்த அறையில் எந்த ஈய எழுத்து என்று பார்க்காமலே எடுத்து, ஸ்டிக் எனும் கைச்சட்டத்தில் தலைகீழாக அடுக்குவார். 1991இல் அந்த அச்சகத்துக்குக் கணினி வந்தது. அதை இயக்க இருபது வயதுப் பையன் ஒருவன் வந்தான். வேலை முடிந்த பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பழகிக்கொள்ளட்டுமா என்று அப்பா கேட்டார். விலை உயர்ந்த பொருள், தொட்டுக் கெடுத்துவிடாதீர்கள் என்று பதில் வந்தது. பைண்டிங் பகுதியில் தாள் மடிக்க அனுப்பப்பட்டார். ஆனால் வரி முடிவில் சொல்லை எங்கே பிரிப்பது, எங்கே ஒற்று மிகும் என்று கேட்டு, அந்தப் பையன் தினமும் தாளை எடுத்துக்கொண்டு அவரிடம்தான் வந்தான். இரண்டு ஆண்டுகள் நின்றபடியே திருத்திக் கொடுத்தார். கற்கும் விருப்பம் அந்த மனிதரிடம் இல்லையென்று எதிரணியினர் சொல்வார்களா? அவருக்குக் கிடைக்காமல் போனது ஒரு நாற்காலியும் ஒரு மணி நேரமும்.

சட்டமும் இந்த இடைவெளியைக் கண்டுகொள்ளவில்லை. புதிதாக வருபவனுக்குப் பயிற்சி தர 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் இருக்கிறது. மாணவர்களுக்கு 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் இருக்கிறது. ஆட்குறைப்புக்கு ஆளானவருக்கு, 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் மறுதிறன் நிதி என்ற பெயரில் 15 நாள் ஊதியத்தை, வேலை போன 45 நாள்களுக்குள் கணக்கில் செலுத்தச் சொல்கிறது. வாசலுக்கு வெளியே காத்திருப்பவனுக்கும், வாசலைத் தாண்டி அனுப்பப்பட்டவனுக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. உள்ளே நின்று இருபது ஆண்டுகள் உழைத்தவனுக்கு என்ன இருக்கிறது? திறன் தேவை என்று அறிந்துதானே அந்த நிதிக்கு அப்படிப் பெயர் வைத்தார்கள்? அதை அவன் வேலையில் இருக்கும்போதே கொடுப்பதற்கு என்ன தடை?

கற்றவன் போய்விடுவான் என்ற அச்சம் சிறு பட்டறைக்காரருக்கு உண்மையானது. எட்டுப் பேரை வைத்துத் தொழில் நடத்துபவரின் கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அம்பத்தூரில் கற்றவன் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைக்குப் போனால், திருமுடிவாக்கத்தில் கற்றவன் அம்பத்தூருக்கும் வருவான். தொழிற்பேட்டையின் பட்டறைகள் சேர்ந்து ஓர் இயந்திரத்தைப் பயிற்சிக்கென்றே ஒதுக்கினால், செலவும் பங்காகிவிடும். ஆளும் அந்த வட்டாரத்துக்குள்ளேயே இருப்பான்.

மணி அடித்துவிட்டது. எதிரணியின் அடுத்த பேச்சாளரிடம் ஒன்று மட்டும் கேட்டு அமர்கிறேன்: தன் பொறுப்பில் கற்கவேண்டும் என்று நீங்கள் சொல்லும் அந்த டீசல் மெக்கானிக், பேருந்தின் பேட்டரியை எந்த வீட்டுத் திண்ணையில் வைத்துக் கழற்றிப் பழகுவார்?