ஒரு தொப்பி போன கதை

நேயர்களுக்கு வணக்கம். மூன்று பேர், 8 மீட்டர் நீளப் பாய்மரப் படகு ஒன்று, விடியலில் கிளம்பிப் பொழுது சாய்வதற்குள் திரும்பும் கரையோரப் பயணம். அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

விடியலில் கிளம்புவதற்குக் காரணம் உண்டு. இரவில் நிலம் கடலைவிட விரைவாகக் குளிர்ந்துவிடும். அதனால் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும். அது தள்ளிவிட, இன்ஜினைத் தொடாமலே வெளியே போய்விடலாம். வெயில் ஏறினால் கணக்கு தலைகீழ். நிலம் சூடாகி அதன் மேலுள்ள காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே வரும். இரண்டுக்கும் நடுவே சில நேரம் காற்றே இராது. பாய் துவண்டு தொங்கும். புதிதாக வருபவர்களுக்கு அப்போது சலிப்புத் தட்டும். எனக்குப் பிடித்த நேரமும் அதுதான். பசி தெரிவதும் அப்போதுதான்.

காற்று வரும் திசைக்கு நேரே எந்தப் பாய்மரப் படகும் போக முடியாது. ஏறத்தாழ 45 டிகிரி விலகி, இடமும் வலமுமாக மாறி மாறித்தான் முன்னேற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் பாயின் அடியிலிருக்கும் நீண்ட கட்டை, பூம் என்போம், மறுபக்கம் தாவும். காற்று பின்னாலிருந்து வரும்போது திருப்பினால் அந்தத் தாவல் மூர்க்கமானது. அதனால்தான் சுக்கான் பிடிப்பவர் ‘தயாரா?’ என்று கேட்க வேண்டும். மற்ற இருவரும் ‘தயார்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தலையாட்டினால் போதாது.

ஒரு நாள் பிற்பகல். காற்று முதுகுக்குப் பின்னால், சுக்கான் என் கையில். ‘தயாரா?’ என்றேன். ஒரு குரல்தான் கேட்டது. இரண்டு என்று நானே எண்ணிக்கொண்டேன். இன்னொரு நண்பர் பாய்மரத்தை ஒட்டிக் குனிந்து கயிற்றுச் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தார். சிக்கல் விடுபட்டு அவர் நிமிரவும் கட்டை வரவும் சரியாக இருந்தது. தொப்பியைத் தட்டிக்கொண்டு போயிற்று. தலை ஒரு விரற்கடை கீழே. வெள்ளைத் தொப்பி. அலைமேல் கவிழ்ந்து, கொஞ்ச தூரம் எங்களோடு மிதந்து வந்தது. அதை எடுக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. அவர் என்னைக் கடிந்தும் பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

சற்று நேரத்தில் காற்று வலுத்தது. காற்றின் வேகம் இரு மடங்கானால் பாயின்மேல் அழுத்தம் நான்கு மடங்காகும். ‘பாயைச் சுருக்கலாமா?’ என்று கேட்டவரும் அந்த நண்பர்தான். எங்கள் படகில் மூவரில் யார் கேட்டாலும் மறுபேச்சில்லை, சுருக்கிவிடுவோம். அப்படிக் கேட்பவரைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்யும் படகில் நான் ஏறுவதில்லை.

மாலையில் அலையடங்கிய ஓர் ஒதுக்கில் நங்கூரம் போட்டோம். ஆழம் 4 மீட்டர். 20 மீட்டருக்குக் குறையாமல் கயிறு விட வேண்டும். பிறகு கரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு அடையாளங்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே போனால் நங்கூரம் இழுபடுகிறது. அன்று ஒரு பனைமரமும் அதன் பின்னால் ஒரு கூரையும் இருந்தன. கண் வைத்திருந்தவர் தொப்பி இழந்தவர்.

‘பிடித்துவிட்டதா?’ என்று கேட்டேன்.

‘பிடித்துவிட்டது’ என்றார்.

பனையும் கூரையும் எனக்கும் நன்றாகவே தெரிந்தன. இருந்தாலும் இன்னும் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும், சலிக்காமல், வாய்விட்டே பதில் சொன்னார்.